லியோன் நகரத்தில் ஒரு மத்தியான போஜனம்

உணவில் உண்மையான பிரியம் கொண்ட ஒரு பிள்ளைக்கு விசேஷமாக விருந்து அளிக்க வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள், அநேகமாக இரவு வேளையையும், நாலு பேர் பெயர் சொல்லக்கூடிய பெரிய உணவகத்தையுமே மனத்தில் கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினைந்து வயதில் பசி உச்சத்தில் நிற்பது மத்தியானத்தில். காலையெல்லாம் நடந்து, கடைத்தெருவைச் சுற்றி, கண்ணுக்கும் மூக்குக்கும் காலுக்கும் வேலை கொடுத்த பிறகு உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடுதான் அந்த வயதில் உடம்பிலும் ஞாபகத்திலும் ஒட்டும். பிரான்ஸ் தேசத்தில் இதற்கு வேறொரு அனுகூலமும் உண்டு. அங்கே நல்ல உணவகங்கள் பலவும் வார நாட்களின் மத்தியானத்தில், இரவில் வாங்குவதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு, இரண்டு மூன்று பதார்த்தங்கள் அடங்கிய சாப்பாடு ஒன்றை வைத்திருக்கின்றன. சமைப்பவர்கள் அதே ஆட்கள், அடுப்பும் அதே அடுப்பு.

என் அக்காள் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்த கோடையில், அவனையும் அக்காளையும் அழைத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் பிரயாணம் செய்தேன். மதுரைக்குப் போனால் மீனாட்சியம்மன் கோவிலுக்கு முன் எந்தக் கடையின் கறிதோசைக்குப் போவது என்று யோசிக்கிற பையன் அவன். ஆட்டுக்கால் பாயாவில் மிளகு முன்னால் நிற்கிறதா, சோம்பு முன்னால் நிற்கிறதா என்பதை ஒரு மிடறிலேயே சொல்லிவிடுவான். நிறையத் தின்பவன் என்பதல்ல விஷயம், தின்பதைக் கவனிக்கிறவன். தேர்வு முடிந்ததற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று நான் கேட்டபோது, "ஒரே ஒரு நல்ல சாப்பாடு போதும், மாமா" என்றான். இதைக் கேட்ட அக்காள், "தம்பி, எல்லோருக்கும் தெரிந்த பெரிய இடமாகப் பார்த்துக் கூட்டிப் போய்விடு, பையன் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான்" என்றாள். அவள் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனாலும், அந்தப் பெரிய இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அதற்கு லியோனைவிடத் தகுந்த ஊர் எனக்குத் தெரியவில்லை.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் லியோன் வந்துவிடுகிறது. ரோன், சோன் என்ற இரண்டு நதிகள் கூடுகிற இடத்தில் அமைந்த ஊர். குர்நோன்ஸ்கி என்ற பிரசித்தி பெற்ற உணவு விமரிசகர் 1935-ஆம் ஆண்டில் இதை உலகத்தின் போஜனத் தலைநகரம் என்று கொண்டாடினார். அதற்குக் காரணம் ஊரைச் சுற்றியுள்ள பூமிதான். வடகிழக்கே பிரெஸ் பிரதேசத்துக் கோழி. அதற்கு இப்பால் தோம்ப் என்ற குளங்கள் நிறைந்த சமவெளியின் நன்னீர் மீனும் தவளையும். வடக்கே போஜொலே திராட்சைத் தோட்டங்கள். வடமேற்கே ஷரொலே மாடு. தென்கிழக்கு மலையடிவாரத்திலிருந்து பாலாடைக்கட்டி. தெற்கே ரோன் பள்ளத்தாக்கின் பழங்களும் காய்கறிகளும். இத்தனையும் அரை நாள் வண்டிப் பிரயாண தூரத்திலிருந்து ஒரே சந்தைக்கு வந்து சேரும் ஊரில், சமையல் ஓங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெரிய இடம் என்று சொன்னால் லியோனில் முதலில் காதில் விழுவது பொல் பொக்யூஸின் பெயர். ஊருக்கு வடக்கே சோன் நதிக்கரையில், கொலோஞ்ஜ் கிராமத்தில் உள்ள அவருடைய உணவகம் 1965 முதல் 2020 வரையில் மிஷ்லின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களை விடாமல் வைத்திருந்தது. 1975-இல் ஜனாதிபதி மாளிகை விருந்துக்கென்று அவர் சமைத்த, மாவுக் கவிகை மூடிய டிரஃபிள் காளான் சூப்பு இன்றும் அங்கே பரிமாறப்படுகிறது. அவர் 2018-இல் காலமானார். அந்த வீட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அங்கே போகிறவர்கள் ஒரு மகானின் சமாதிக்குப் போவதைப் போலப் பணிந்த மனத்தோடு போகிறார்கள்; பதினைந்து வயதுப் பையன் கேள்வி கேட்க வேண்டியவன், பணிந்து உட்கார வேண்டியவன் அல்லன்.

பொக்யூஸைவிட அவருடைய குருவின் கதைதான் எனக்கு நெருக்கமானது. அதையே ரயிலில் பையனுக்குச் சொன்னேன். எழெனி பிராசியே 1895-இல் பிரெஸ் பிரதேசத்தின் அருகே குடியானவக் குடும்பத்தில் பிறந்தவள். சிறு வயதில் தாயை இழந்து, பண்ணைகளில் மாடு மேய்த்து, கல்யாணம் ஆகாமலே ஒரு குழந்தைக்குத் தாயாகி, லியோனுக்குப் பிழைக்க வந்தவள். ஒரு வசதியான குடும்பத்தில் வேலைக்கு அமர்ந்து, பிறகு ஃபிலியு அம்மாள் என்று ஊரே அழைத்த கெட்டிக்காரியின் சமையற்கட்டில் தேர்ச்சி பெற்று, 1921-இல் ருவாயால் தெருவில் சொந்தமாக ஒரு சிறிய கடை திறந்தாள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1933-இல், ஊரிலிருந்த அந்தக் கடையும் மலைக் கணவாயில் அவள் நடத்திய மற்றொரு கடையும் தனித்தனியே மூன்று மூன்று நட்சத்திரங்கள் பெற்றன. ஒரே சமயத்தில் ஆறு நட்சத்திரங்களை அடைந்த முதல் சமையல்காரர் அவள்தான். யுத்தம் முடிந்த பிறகு அவளிடம் எடுபிடியாக வந்து சேர்ந்த பொக்யூஸ், அங்கே சமையலோடு பால் கறக்கவும் துணி தேய்க்கவும் கற்றுக்கொண்டார். செல்வர் வீடுகளில் சமைத்த பெண்கள் அந்த வேலையை விட்டு வெளிவந்து, தங்கள் பெயரிலேயே சாப்பாட்டுக் கடை வைத்து ஊரின் ருசியை நிர்ணயித்தார்கள் என்பது லியோனுக்கே உரிய பெருமை. அவர்களை அந்த ஊர் அம்மா என்றே அழைத்தது.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவங்க எந்தப் பதார்த்தத்தை நல்லாச் செய்வாங்க, மாமா?" என்று கேட்டான். கோழித் தோலுக்கு அடியில் கறுப்பு டிரஃபிள் வில்லைகளைச் செருகிச் சாற்றில் மெல்ல வேகவைக்கும் முறையைச் சொன்னேன். வெள்ளைக் கோழிக்குள்ளே கறுப்புத் தெரியும் அந்தத் தோற்றத்தைக் கற்பனை செய்துகொண்டவன் போல, அவன் தன் குறிப்புப் புத்தகத்தில் கோழியின் படம் ஒன்றை வரைந்தான்.

அவனுக்கு நான் அளிக்க நினைத்த விருந்தின் முதற்பகுதி, எங்கே சாப்பிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை. நல்ல சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் சாப்பிட்டுவிடும். தேடிக் கண்டுபிடிக்கும் சிரமத்தை அதன் கையில் ஒப்படைக்கும்போதுதான் அதனுடைய ருசிக்கு நாம் மரியாதை செய்தவர்களாகிறோம். நான் விதித்த நிபந்தனைகள் இரண்டுதான்: வெள்ளிக்கிழமை மத்தியானம், பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில். ஊரின் பழைய பூஷோன்கள், அதாவது உள்ளூர்ச் சமையல் பரிமாறும் சிறு உணவகங்கள், பலவும் சனி ஞாயிறுகளில் மூடியிருக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்கு மேல் அங்கே பெரும்பாலான சமையற்கட்டுகள் புதிதாக வருபவர்களுக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அந்த நேரம். வெள்ளிக்கிழமையில் அசைவம் தொடாத அக்காள், "எனக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதும்" என்று மனமுவந்து சம்மதித்தாள்.

வியாழக்கிழமை முழுவதும் பையன் எங்களை நடத்தியே கொண்டுபோனான். பிரான்ஸில் உணவகங்கள் தங்கள் பதார்த்தங்களையும் விலையையும் வாசலுக்கு வெளியே எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே உள்ளே நுழையாமலே ஒரு தெருவின் சமையல் முழுவதையும் வாசித்துவிடலாம். சோன் நதிக்கு அப்பாலுள்ள பழைய பட்டணத்தின் சந்துகளில் ஒவ்வொரு பலகையாக நின்று வாசித்தான். நாற்பது பதார்த்தங்கள் எழுதியிருந்த இடத்தை, "இத்தனையையும் ஒரே நாளில் புதிதாகச் சமைக்க முடியாது" என்று ஒதுக்கினான். படம் போட்டு ஆறு பாஷைகளில் எழுதியிருந்ததை வாசிக்காமலே கடந்தான். 2014 முதல் அந்த நாட்டில், கடையிலேயே சமைத்த பதார்த்தத்துக்கு அருகில் கூரையை மூடியாகக் கொண்ட வாணலிச் சின்னம் ஒன்றைப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்று நான் சொன்னதிலிருந்து, ஒவ்வொரு வரிக்கு அருகிலும் அந்தச் சின்னத்தைத் தேடினான். ருவாயால் தெருவிலுள்ள பிராசியே அம்மாளின் கடை வாசலுக்கும் போனோம். இப்போது வேறொரு தேர்ந்த சமையற்கலைஞர் அதை நடத்துகிறார். வாசலில் இருந்த பட்டியலை அவன் முழுவதும் வாசித்துவிட்டு, "இது அவங்க சமைச்சதைப் பத்தி யோசிச்சுச் சமைக்கிறது, மாமா. நான் முதல்ல அவங்க சமைச்ச மாதிரியே சாப்பிடணும்" என்றான். படித்தவர்கள் பலர் இந்த வித்தியாசத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் தேர்ந்தெடுத்தது, ஐனே பேட்டையில், பழைய ரோமானியபாணித் தேவாலயத்துக்குச் சற்றுத் தூரத்தில் இருக்கும் அபெல் என்ற பூஷோன். ஊரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பூஷோன்களில் ஒன்று அது. மரப்பலகை பதித்த சுவர்கள், நெருக்கமான மேஜைகள். அன்றைக்கே மேஜைக்குச் சொல்லி வைத்தோம். அக்காளின் விரதத்தையும் சொல்லி வைத்தோம். இறைச்சியே பிரதானமான அந்தச் சமையலில் அசைவம் தொடாதவர்களுக்குக் கிடைப்பது சொற்பம் என்பதை அங்கே போகிற நம்மவர்கள் அவசியம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பன்றிக்கொழுப்பு கீரைக் கலவையில்கூட ஒளிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில், பொக்யூஸின் பெயர் தாங்கிய உள்ளரங்கச் சந்தைக்குப் போனோம். தலைகளும் கால்களும் வெட்டப்படாமல் பிரெஸ் கோழிகள் வரிசையாகக் கிடந்தன: வெள்ளை இறகு, சிவந்த கொண்டை, நீல நிறக் கால்கள். 1957-இல் சட்டமே இயற்றிக் காத்துவரும் ஜாதி அது. ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது பத்துச் சதுர மீட்டர் புல்வெளி விட்டு வளர்க்க வேண்டும். பையன் அந்த நீலக் கால்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வசந்த காலத்துக்குரிய வெள்ளை அஸ்பரகஸும், தேன்கூடு போன்ற மோரில் காளானும், உள்ளே குழைந்து வழியும் சேன்-மார்செலன் பாலாடைக்கட்டியும் இருந்தன. எதையும் வாங்கித் தின்னாமல், பசியைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

மத்தியானம் அவன் கேட்டது கெனெல். தோம்ப் குளங்களில் கிடைக்கும் பைக் என்ற மீனுக்கு ருசி அதிகம், முள்ளும் அதிகம். எடுத்து மாளாத நுண்முள். அதனால் சதையை இடித்து, சல்லடையில் தேய்த்து முள்ளை நீக்கி, அடுப்பில் கிளறிய மாவோடும் முட்டையோடும் வெண்ணெயோடும் சேர்த்துப் பிசைந்து, நீள உருண்டைகளாக்கி வெந்நீரில் வேகவைத்து, பிறகு குழம்பு ஊற்றிச் சூட்டடுப்பில் வைக்கிறார்கள். மாவிலும் முட்டையிலும் சிக்கிய நீராவி அதை இரண்டு மடங்காக உப்ப வைக்கிறது. அபெலில் அது கொதித்துக்கொண்டே மேஜைக்கு வந்தது, மேற்பரப்பு பொன்னிறமாகத் தீய்ந்து. பையன் கரண்டியை வைத்ததும் அது நடுங்கிற்று. முதல் வாய் உண்டதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்க்குப் பிறகு, "மீன் வாசனை இல்லை, மீன் ருசி இருக்கு" என்றான். ஆறும் முன்பே அது அமுங்கிவிடும் என்று கண்டு, அம்மாவுக்கும் காட்டாமல் வேகமாகத் தின்றான். பிறகு அது எப்படி உப்புகிறது என்பதைப் பரிமாறிய அம்மாளிடம் என் மூலமாகக் கேட்டான். பக்கத்து மேஜைகள் நிறைந்திருந்த அந்த வேளையிலும், அவர் சிறுபிள்ளைக்குச் சொல்கிற தோரணையில் அல்லாமல், விலை கொடுத்து உண்ண வந்த ஒரு விருந்தாளிக்குச் சொல்கிற முறையில், மாவை எவ்வளவு நேரம் கிளற வேண்டும் என்பது வரையில் கையால் காட்டிச் சொன்னார். அந்த மரியாதைக்காகவே அந்த மேஜை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அக்காளுக்குப் பாலேட்டில் வெந்த உருளைக்கிழங்கும், பூண்டும் வெங்காயத்தழையும் சேர்த்து அடித்த புதுப் பாலாடைக்கட்டியும் வந்தன. கடைசியில், சர்க்கரைப் பூச்சில் சிவந்த பாதாமை நொறுக்கிப் பாலேட்டோடு காய்ச்சி ஊற்றிய பணியாரத்தை அவர்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

சாப்பிட்டு எழுந்தபின் குருவா-ரூஸ் குன்றின் மேல் ஏறினோம். ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருந்த குன்று அது. கூலிக்காக அவர்கள் 1831-இல் கிளர்ந்தெழுந்தது சரித்திரப் பிரசித்தம். விடியுமுன் தறியில் உட்கார்ந்த அந்த ஜனங்கள், காலை ஒன்பது மணி வாக்கில் குடலும் ஈரலும் பன்றிக் கொத்துக்கறியுமாகத் தின்ற ஆகாரம்தான் பூஷோன் சமையலின் ஆதி. உயர்ந்த சதையெல்லாம் முதலாளி வீட்டுக்குப் போனதால், எஞ்சியதை ருசியாக்கும் சாமர்த்தியம் குன்றில் வளர்ந்தது. அங்கே நெசவாளர் இல்லம் என்ற காட்சிச்சாலையில் ஜக்கார்டு தறியை ஓட்டிக் காட்டினார்கள். இந்த ஊர்க்காரரான ஜக்கார்டு 1804-இல் அமைத்த, துளையிட்ட அட்டைகளால் பூவேலை போடும் அந்த யந்திரத்தின் வழிவந்ததுதான் காஞ்சிபுரத்தில் இன்றைக்கும் தறிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அக்காள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தன் கல்யாணப் புடவை நெய்த வீட்டில் கேட்ட சத்தமே இது என்றாள். பையனுடைய கவலை வேறாக இருந்தது. "விடியக்காலையில் எழுந்து இதை மிதிச்சவங்களுக்கு அந்தக் குடல்கறி போதுமா, மாமா? அடுத்த தடவை அதைத்தான் கேட்கணும்" என்றான்.

மறுநாளைக்கு ஓவியக்கூடம் என்று தீர்மானித்திருந்தோம். இறங்கி வரும் வழியிலேயே அவன் அம்மாவிடம் பேசி, அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டான். பார்-தியு ரயில் நிலையத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணத்திலுள்ள பூர்-ஆன்-பிரெஸ் ஊருக்கு மூன்று டிக்கெட்டுகள் வாங்கினோம். நீலக் கால் கோழிகள் புல்வெளியில் நடப்பதை அவன் பார்க்க வேண்டுமாம்.