மழை மேல் போட்ட பழி

தைப்பிங்காரர்களுக்கு மழை நெருங்கிய சொந்தம் மாதிரி. சொல்லாமல் வரும், வந்தால் சீக்கிரம் கிளம்பாது. மதியத்துக்கு மேல் மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்று பெரியவர்கள் பந்தயம் கட்டிய ஊர் அது. அதனால், "டிவி தெரியலய்யா, மழை" என்று அம்மா போனில் சொல்லும்போதெல்லாம் நான் மறுகேள்வி கேட்டதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபடி, "கொஞ்ச நேரத்துல வந்துடும்மா" என்பேன். ஏழு மாதம் இப்படியே ஓடியது.

அப்பா இருந்தவரை கூரை, குழாய், ஒயர் எல்லாம் அவர் இலாகா. அவர் போன மறுவருடம் வீட்டு முன்புறம் கார் நிறுத்தத் தகரக்கூரை போட்டோம். பழைய தட்டு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டாயிற்று. என் பெயரில் புது இணைப்பு எடுத்தேன். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு இளைஞர்கள் வேனில் வந்தார்கள். 40 நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்த 40 நிமிடமும் நான் உள்ளே உட்கார்ந்து அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். படம் பளிச்சென்று தெரிந்தது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். வேகமாக முடித்தார்களே என்று தேநீருக்கு 20 வெள்ளி வேறு கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது, அந்த 20 வெள்ளி.

தீபாவளிக்கு முந்தைய வாரம் வீடு கழுவிக் கொடுக்க ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். மழை பெய்கிற இரவுகளில் உங்கள் வீடு மட்டும் இருண்டு போகிறது என்று மெதுவாக மலாயில் சொன்னார். அம்மா ஒரு கையில் டார்ச் லைட்டோடு நாற்காலி மேல் ஏறி நின்றதை இரண்டு முறை பார்த்தாராம். விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

உள்ளே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்லய்யா. மெயின் சுவிட்ச் விழுந்துடும். நானே தூக்கி விட்டுடுவேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"மழைக்கு நீ என்ன பண்ணுவ?"

டிவி அலமாரியை முன்னால் இழுத்தேன். பின்னால் ஒரு பழைய துண்டு, பாதி தண்ணீரோடு ஒரு மைலோ டின். வெள்ளைச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாகி உப்பியிருந்தது. கேபிளுக்காகப் போட்ட ஓட்டை வெளியிலிருந்து வீட்டுக்குள் சரிவாக இறங்கியது. கூரையிலிருந்து வந்த கேபிளும் நேராக அந்த ஓட்டைக்குள்தான் போனது. மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்து, கீழே தரையில் கிடந்த நீட்டிப்பு பிளக்கின் மேல் சொட்டியிருக்கிறது. மின்சாரம் கசிந்தால் விழுவதற்கென்றே வைத்த சுவிட்ச் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. அம்மாவும் ஒழுங்காக அதைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஈரத் துண்டைப் பிழிந்த கையோடு.

அதற்கப்புறம் நடந்தது உங்களில் பலருக்கும் பழக்கமான கதை. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள். கடைசியில் ஒரு பெண் பேசினார். பொருத்திய வேலைக்கு 3 மாதம்தான் உத்தரவாதம், அது முடிந்துவிட்டது; கட்டணம் கட்டினால் ஆள் அனுப்பலாம்; மழைக்காலத்தில் படம் தடைப்படுவது இயல்புதான் என்றார். கோபம் வந்தது. ஆனால் கடைசி வாக்கியத்தை நானே ஏழு மாதமாக அம்மாவிடம் சொல்லி வந்தேன் என்பதும் ஞாபகம் வந்தது.

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டியது கொடுப்பவரின் கடமை. மீறினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். எனக்கு 50,000 வேண்டாம், காய்ந்த சுவர் போதும். மனு பாரத்தை நிரப்பி, சுவர், பிளக், ஓட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். எந்தெந்தத் தேதியில் தடை ஏற்பட்டது என்று கேட்டுப் பதில் வந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா சமையலறைக்குப் போய் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். மளிகைக்கடை கொடுத்த, நல்ல நேரம் போட்ட நாட்காட்டி. பல தேதிகளைச் சுற்றிப் பென்சிலில் வட்டம். மார்ச் மாதத்திலிருந்தே இருந்தன. எண்ணினேன், 31. "நாடகம் பாக்க முடியாத நாளு. மறுநாள் கோயில்ல அக்காகிட்ட கதை கேக்கணும்ல, அதுக்குக் குறிச்சேன்" என்றார்.

நான்கு நாள் கழித்து, கட்டணம் இல்லாமல், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். தமிழர். ஏணியை இறக்குவதற்கு முன்பே அம்மாவிடம், "படம் மழைக்கு முன்னாடி போகுதாம்மா, பெய்யும்போதா, விட்ட பிறகா?" என்று கேட்டார்.

"காத்து அடிச்சாலே போயிடும் தம்பி. சில நாள் மழை விட்டு ராத்திரி பூரா வராது."

"அப்ப மழை மேல குத்தமில்லம்மா."

இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டை மெல்லிய தகரக்கூரை மேல் குட்டைத் திருகாணியில் நிறுத்தியிருந்தார்கள். காற்றுக்குத் தகரம் அதிரும், தட்டும் அதிரும். துணைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே ஒரு டிகிரி திரும்பினால் அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். கொஞ்சம் விலகியிருந்தாலும் வெயில் நாளில் படம் பளிச்சென்றுதான் தெரியும், நான் கையெழுத்துப் போட்ட அன்று தெரிந்த மாதிரி. ஆனால் கையிருப்பு இல்லாத குடும்பம் போல, ஒரு தூறலுக்கே தாங்காது. பேய்மழை கொட்டினால் எப்படிப் பொருத்திய தட்டிலும் படம் போகும். கருமேகம் நகர்ந்ததும் திரும்பும். மழை விட்டும் வரவில்லையென்றால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கேபிளின் முனையை வெட்டிக் காட்டினார். செம்பு பச்சைப் பிடித்திருந்தது. இணைப்பைச் சுற்றி வெறும் கறுப்பு டேப்தான்.

தட்டைப் பக்கவாட்டுச் செங்கல் சுவருக்கு மாற்றினார். நடுவில் ஒட்டு இல்லாத புதுக் கேபிள். ஓட்டைக்குள் நுழைவதற்கு முன் அதை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே ஏற்றினார். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். அவ்வளவுதான், ஒரு சாண் கேபிள். பிளக்கைத் தரையிலிருந்து தூக்கி அலமாரிக்குள் வைத்தார். மொத்தம் இரண்டரை மணி நேரம். இந்த முறை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வந்த பையன்களைத் திட்டத் தொடங்கினேன். அவர் சேர்ந்து திட்டவில்லை. "வீட்டுக்கு இவ்வளவுன்னு கூலி, தம்பி. நாளைக்கு அஞ்சு வீடு முடிச்சாதான் பெட்ரோல் போக மிச்சம் நிக்கும்" என்றார். அவருக்கும் அதே கூலிதானே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அம்மா கோப்பி ஓவும் தோசையும் கொண்டு வந்துவிட்டார்.

சுவர் காய மூன்று வாரம் ஆனது. இப்போது அம்மா போன் செய்தால் டிவி தெரிகிறதா என்று நான் கேட்பதில்லை. மெயின் சுவிட்ச் விழுந்ததா என்று கேட்கிறேன். அவருக்கு அலுத்துவிட்டது.

போன வியாழக்கிழமை மாலை கூப்பிட்டார். பின்னணியில் தகரக்கூரை மேல் மழை இரைந்துகொண்டிருந்தது. "படம் போயிடுச்சுய்யா" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"உக்காரு, உக்காரு. இது நெசமாவே மழைதான்."