இடித்துக் கட்டத் தெரிந்தவர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவன்)

இந்தக் கட்டுரையை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சென்ற பருவத்தில், கூட்டு ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை எனக்கு வந்தது. விடை 9.8-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வந்ததோ 10.8. மறுபடி கணக்கிட்டேன், மறுபடியும் 10.8. மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. 9.8 வருவதற்கு ஊசலாடும் நேரம் எவ்வளவு இருக்க வேண்டுமோ, அதைப் பின்னாலிருந்து கணக்கிட்டு அட்டவணையில் எழுதிவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் "நன்று" என்ற சொல்லும் ஆசிரியரின் கையெழுத்தும் விழுந்தன. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். படிக்கத் தெரியாத என் அம்மா அந்தச் சிவப்பு மையை விரலால் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். நன்றாகவே உண்டேன். உறுத்தல் பின்னால்தான் வந்தது.

அது வந்த வழி விந்தையானது. மாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், நம் நூலகத்தில் ஜான் சாட்விக் என்பவர் 1958-இல் எழுதிய ஓர் ஆங்கில நூல் கைக்குக் கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். அது மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் கட்டடக் கலைஞரின் கதை.

1900-ஆம் ஆண்டில் ஆர்தர் எவன்ஸ் என்னும் ஆங்கிலேயர் கிரீட் தீவில், நாசஸ் என்னும் இடத்தில் அகழ்ந்து ஓர் அரண்மனையை வெளிக்கொணர்ந்தார். எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் அங்கே கிடைத்தன. அவை சூளையில் சுட்டவை அல்ல. அரண்மனை தீப்பற்றி எரிந்தபோது வெந்து இறுகியதால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. அவற்றில் காணப்பட்ட ஒருவகை எழுத்துக்கு "லீனியர் பி" என்று எவன்ஸ் பெயரிட்டார். எழுத்தும் தெரியாது; மொழியும் தெரியாது; ஒப்பிட்டுப் பார்க்க இருமொழிக் கல்வெட்டும் இல்லை. அது கிரேக்கம் அன்று, வேறொரு பழைய மொழி என்பது எவன்ஸின் உறுதியான கருத்து.

1936-இல் லண்டனில் நடந்த கண்காட்சி ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளோடு வந்த 14 வயது வென்ட்ரிஸ், 85 வயது எவன்ஸைக் கண்டான். இந்த எழுத்தை இன்னும் எவரும் படிக்கவில்லை என்று கேட்டதே போதும், அச்சிறுவனுக்கு வாழ்நாள் வேலை கிடைத்துவிட்டது! 18 வயதில், 1940-இல், அமெரிக்கத் தொல்லியல் ஆய்விதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தம் வயதை மட்டும் அவர் மறைத்துக்கொண்டார். பழைய இத்தாலியில் வழங்கிய எட்ருஸ்கன் மொழிக்கு உறவான மொழியே அப்பலகைகளில் உள்ளது என்பது அவர் கொள்கை.

அவர் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். போரில் விமானப்படையில் வழிகாட்டியாகப் பணியாற்றினார். 1948-இல் கட்டடக் கலைஞராகத் தேறினார். பிழைப்புக்குக் கட்டடம் வரைந்தார். மற்ற நேரமெல்லாம் பலகைகளோடு கழிந்தது. 1951 முதல் 1952 வரை 20 ஆய்வுக் குறிப்புகளை எழுதி, தம் சொந்தச் செலவில் படியெடுத்து, பல நாட்டு அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். முடிந்த முடிபை மட்டும் அனுப்பவில்லை. ஐயம், ஊகம், தடுமாற்றம் எல்லாமே அவற்றில் உண்டு. நான் வியந்தது இதைத்தான். பட்டமில்லாத ஒருவர், தம் பிழையைக் கண்டுபிடிக்கக் கூடியவர்களுக்கே தம் தாள்களை அனுப்பி வைக்கிறார்!

நம் தொடக்கப் பள்ளிச் சுவரில் தொங்கிய உயிர்மெய் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பார்த்தால் ஒரே மெய். நெடுக்கே பார்த்தால் ஒரே உயிர். லீனியர் பி-யும் அத்தகைய அசையெழுத்தே. ஆனால் நம் ககரமும் கிகரமும் வடிவத்தில் உறவு காட்டும். அந்த எழுத்துகள் காட்டுவதில்லை. எனவே, எந்தக் குறிகள் ஒரே மெய்யுடையவை, எவை ஒரே உயிருடையவை என்பதைச் சொற்களின் இறுதி மாறும் முறையைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. அதற்கு வழி வகுத்தவர் நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரி ஆசிரியை ஆலிஸ் கோபர். போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில், கிடைத்த காகிதங்களையெல்லாம் வெட்டிக் குறிப்பெழுதி, சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்து உழைத்தார் அவர். முடிவைக் காணாமலே 1950-இல், 43-ஆம் வயதில் மறைந்தார்.

வென்ட்ரிஸ் அந்த அட்டவணையை வளர்த்தார். 1952-இல் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கோபர் எடுத்துக்காட்டிய சொற்களுள் சில, கிரீட்டின் ஊர்ப்பெயர்களாக இருக்கலாமோ? வைத்துப் பார்த்தார். "கோ-நோ-சோ" என்று வந்தது, அது நாசஸ். "அ-மி-னி-சோ" என்று வந்தது. அது அம்னிசோஸ் துறைமுகம். அதே ஒலிகளை மற்றச் சொற்களில் இட்டபோது சிறுவன், சிறுமி என்னும் பொருளுடைய பழங்கிரேக்கச் சொற்கள் எழுந்தன. கிரேக்கம்! எது இல்லை என்று எவன்ஸ் உறுதியாகச் சொன்னாரோ, எது இல்லை என்று தாமும் 12 ஆண்டுகள் நம்பினாரோ, அதே கிரேக்கம்!

அவர் இதையும் மறைக்கவில்லை. 1952 ஜூன் மாதம் அனுப்பிய 20-ஆம் குறிப்பின் தலைப்பே, இப்பலகைகள் கிரேக்கத்தில் எழுதப்பட்டவையா என்ற கேள்விதான். இவ்வழி முட்டுச்சந்தில் போய் நிற்கலாம் என்றும் அதில் எழுதினார். ஆயினும் சான்றுகள் குவிந்தன. ஜூலை முதல் நாள் பி.பி.சி. வானொலியில் தம் முடிவை மாற்றிக்கொண்டதை உலகறியச் சொன்னார். அதைக் கேட்டுத் துணைக்கு வந்தவரே சாட்விக். 1953-இல் பைலோஸில் கிடைத்த பலகை ஒன்றை அகழ்வாளர் பிளெகன் இம்முறையில் படித்துப் பார்த்தார். முக்காலிப் பாத்திரத்தின் படத்தருகே "தி-ரி-போ", அதாவது முக்காலி என்றே இருந்தது! வென்ட்ரிஸ் 1956-இல், 34-ஆம் வயதில் கார் விபத்தில் இறந்தார். சாட்விக்கோடு சேர்ந்து எழுதிய பெருநூல் சில வாரங்கள் கழித்தே வெளிவந்தது.

இந்நூலைப் படித்து முடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் அப்பாவுக்குச் சித்தாளாகப் போனேன். அப்பா கொத்தனார், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். காலையில் தாம் எழுப்பிய சுவரில் பகலுக்குமேல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூலுக்கும் சுவருக்கும் ஒரு விரற்கடை வேறுபாடு. ஒன்றும் பேசாமல் மேல் நான்கு வரிசையைப் பிரிக்கத் தொடங்கினார்.

"பூசினா மறைஞ்சிரும்லப்பா" என்றேன்.

"பூச்சு சுவத்தத்தான் மறைக்கும் தம்பி. மேல ஏறுற பாரத்துக்குத் தெரியாமயா போகும்? கலவை ஈரமா இருக்கும்போதே பிரிச்சிரணும். காஞ்சா செங்கல்லும் சேந்து போகும்."

எனக்கு ரெக்கார்டு நோட்டு நினைவுக்கு வந்தது. கலவை இன்னும் காயவில்லை என்று தோன்றியது.

மறுநாள் ஆசிரியரிடம் சென்று, "சார், அந்த அளவு நான் எடுத்ததில்லை. விடைக்காகப் போட்டது" என்றேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு "நன்று" என்பதன் மீது ஒரு கோடு இழுத்து, "மூணு மணிக்கு வா. திருப்பிச் செய்" என்றார்.

திருப்பிச் செய்தேன். மீண்டும் 10.8! கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அருகில் நின்று, "ஊசலை விட்டதும் என்ன சொல்லி எண்ணுற?" என்று கேட்டார்.

"ஒண்ணு, சார்."

"இன்னும் ஒருமுறைகூட ஆடலையே, அதுக்குள்ள ஒண்ணா?"

நான் 20 என்று எண்ணியது உண்மையில் 19 ஊசல். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.108. சரியான விடையை அதனால் பெருக்கினால் கிடைப்பது அதே 10.8! என் பிழை இன்னதென்று அந்த எண் துல்லியமாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அதை அழித்தவன் நான். பூச்சியத்திலிருந்து எண்ணியபோது 9.76 கிடைத்தது. அதுவே இப்போது நோட்டில் இருக்கிறது. அடித்த "நன்று"ம் அப்படியே மேலே இருக்கிறது.

நண்பர்களே, பட்டம் பெற்றவர் சொல்வதே அறிவு என்று நம்பிக்கொண்டுதான் நான் இக்கல்லூரிக்கு வந்தேன். பட்டமில்லாத வென்ட்ரிஸ், 12 ஆண்டுக் கொள்கையைச் சான்றின்முன் பிரித்துப் போட்டார். அப்பா நான்கு வரிசையைப் பிரித்தார். இருவர் கையிலும் இருந்தது ஒரே நூல்தான் என்று எனக்குப் படுகிறது.

அன்று இரவு நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொய் எழுதியதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்:

"அளக்குற டேப்பு எப்பவும் பூச்சியத்துலதான தம்பி தொடங்குது? காலேசுல அத யாரும் சொல்லித் தரலியா?"