கணினி பெற்ற பிள்ளையும் நான் பெற்ற பிள்ளையும்

2010 மே மாதம். மதுரையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் படுத்துக் கிடந்தேன். ஆய்வகத்தில் உருவான கருவை என் கருப்பைக்குள் வைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. படுத்தே கிடக்கச் சொன்னது மருத்துவர் இல்லை, அத்தை. "நடக்காத தாயி, நழுவிரும்" என்பார். ஐந்து வருடச் சிகிச்சை, மூன்று தோல்வி. அவரோடு வாதாடுகிற தெம்பு என்னிடம் இல்லை.

படுத்தபடியே செய்தித்தாளில் அதைப் படித்தேன். அமெரிக்காவில் கிரெய்க் வென்டரின் ஆய்வகம் செயற்கை உயிரணுவை உண்டாக்கிவிட்டது. மனிதன் கடவுளின் வேலையில் கைவைத்துவிட்டானா என்ற கேள்வி எல்லாப் பக்கமும் எழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் நழுவிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் செய்தது என்ன என்பதைப் பின்னால் தேடித்தான் புரிந்துகொண்டேன். மைக்கோபிளாஸ்மா மைக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவின் மரபுத்தொகுதியைக் கணினியில் வடிவமைத்தார்கள். சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துகள். அதை வேதிப்பொருள்களிலிருந்து துண்டு துண்டாகச் செய்து, ஈஸ்ட்டுக்குள் வைத்து ஒன்றாக இணைத்து, கடைசியில் வேறொரு பாக்டீரியாவின் உடலுக்குள் செலுத்தினார்கள். அந்த உடல் புதிய எழுத்துகளை வாசித்தது, அதன்படி பிரிந்து பெருகியது. இந்த உயிரினத்துக்குப் பெற்றோர் ஒரு கணினி என்றார் வென்டர்.

இந்த இடத்தில்தான் எனக்கு முள் தைத்தது. மரபுத்தொகுதிக்குள் ரகசிய எழுத்தில் 46 பேருடைய பெயர்களைப் பொறித்திருந்தார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் வரி ஒன்றும் இருந்தது. ஜாய்ஸின் பதிப்புரிமையைப் பார்த்துக்கொள்பவர்கள் எங்களிடம் அனுமதி கேட்கவில்லையே என்று கடிதம் போட்டார்கள். உடலைக் கொடுத்த பாக்டீரியாவின் பெயர் மைக்கோபிளாஸ்மா காப்ரிகோலம். எழுத்தை வாசிக்கும் ரைபோசோம், சுற்றி நிற்கும் சவ்வு, உள்ளிருக்கும் திரவம் எல்லாம் அது தந்தவை. செய்திகளில் அதற்குப் 'பாத்திரம்' என்ற அளவுக்குக்கூட மரியாதை இல்லை.

நான் வகுப்பில் எழுத்திலக்கணம் நடத்துகிறவள். மெய் தானாக இயங்காது, உயிர் வந்து ஏறினால்தான் இயங்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். வென்டரின் ஆய்வகத்தில் அது தலைகீழாக இருந்தது. பத்து லட்சம் எழுத்துகளும் ஒரு மெய் கிடைக்கும்வரை சும்மாதான் கிடந்தன.

மதங்கள் என்ன சொன்னன என்று பார்க்க ஆர்வமாக இருந்தது. வத்திக்கானின் நாளிதழான ஒஸ்ஸர்வாத்தோரே ரொமானோ பதறவில்லை. நல்ல மரபணுப் பொறியியல்தான், ஆனால் உயிரைப் படைக்கவில்லை, உயிரின் எஞ்சின்களில் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள் என்ற ரீதியில் நிதானமாக எழுதியது. நியாயமான வாசிப்பு. பல அறிவியல் நிருபர்களைவிட அந்த ஏடு தெளிவாக இருந்தது என்பேன். அதிபர் ஒபாமா உயிரியல் அறநெறி ஆணையத்திடம் அறிக்கை கேட்டார். ஆய்வை நிறுத்த வேண்டாம், விழிப்போடு இருந்தால் போதும் என்று டிசம்பரில் அது சொன்னது.

அதே ஆண்டு அக்டோபரில் சோதனைக் குழாய்க் குழந்தைக்கு வழி திறந்த ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது நிதானம் போய்விட்டது. வாழ்வுக்கான பாப்பிறைக் கழகத்தின் தலைவர் அந்தத் தேர்வே தவறு என்றார். உறைநிலையில் கைவிடப்படும் கருக்களைப் பற்றி அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். என் கருக்களும் உறைபெட்டியில் இருந்தன, அவற்றை என்ன செய்வது என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்ட இரவு நான் தூங்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பாக்டீரியாவுக்குள் புது மரபுத்தொகுதி புகுந்தபோது வராத பதற்றம், ஒரு பெண்ணின் வயிறு சம்பந்தப்பட்டதும் வந்துவிடுகிறது.

நான் அப்போது ஐந்து மாதம் தாண்டியிருந்தேன். 'எந்திரன்' பார்க்கப் போனோம். மனிதன் செய்த இயந்திரம் பிரசவம் பார்க்கிறது, காதலிக்கிறது, அழிக்கிறது. திரையரங்கில் ஒருவருக்கும் அது தெய்வக் குற்றமாகப் படவில்லை. ஆனால் என் வயிற்றில் இருப்பது எப்படி வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது என அத்தை சத்தியம் வாங்கியிருந்தார். ராமேஸ்வரம் போய்வந்த பலன் என்று ஊருக்குச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதை அவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பிள்ளை பிறந்ததும் பாதிப் பேர் சாமியைப் புகழ்ந்தார்கள், விஷயம் தெரிந்த மீதிப் பேர் டாக்டரைப் புகழ்ந்தார்கள். ஊசி குத்தி நீலம் பாரித்த என் தொடை பற்றிப் பேச ஆள் இல்லை.

போன ஆண்டு 'அறிவியல் தமிழ்' வகுப்பில் மாணவி ஒருத்தி மூலக்கூறு ரோபோ பற்றிக் கட்டுரை வாசித்தாள். டி.என்.ஏ. இழைகளைத் தாள்போல மடித்துக் குழலாகச் சுருட்டி, உள்ளே ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் நொதியை வைக்கிறார்கள். புற்றுக்கட்டியின் ரத்தக் குழாயை அடையாளம் கண்டதும் குழல் திறக்கிறது, கட்டிக்குப் போகும் ரத்தம் நின்றுபோகிறது. 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் செய்து காட்டியது.

வகுப்பு சூடாகிவிட்டது. "அது உடம்புக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும்போது கோயிலுக்குப் போலாமா மேடம்?" என்றாள் ஒருத்தி. "மருந்துன்னா எங்க அத்தா சரின்னுதான் சொல்வாங்க, எதுல செஞ்சதுன்னு மட்டும் கேப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. உயிர் இல்லாததை ரோபோ என்று சொல்லலாமா, உயிர் மாதிரி நடந்துகொண்டால் உயிர்தானா என்றெல்லாம் போனது. கடைசி வரிசையில் எப்போதும் பேசாத பெண் எழுந்தாள். "மொதல்ல யாரு உடம்புல போட்டுப் பாப்பாங்க?"

நான் பாடத்தை நிறுத்திவிட்டு அவளுக்குப் பதில் சொன்னேன். கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதிக்க 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களைத் தேடிப் போனதைச் சொன்னேன். 1980களில் ஹைதராபாத் அருகே படான்செருவில் நெட்-என் கருத்தடை ஊசிச் சோதனைக்குப் பெண்களைத் திரட்டியதையும், அது சோதனை என்பதே அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று ஸ்த்ரீ சக்தி சங்கடனா தோழிகள் உச்ச நீதிமன்றம் வரை போனதையும் சொன்னேன். எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாத பெண்கள்போல எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். என் ஊசிகளைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. மகளிடமே சொல்லாததை வகுப்பில் எப்படிச் சொல்வது?

அடுத்து வந்த சதுர்த்திக்கு மகள் மஞ்சள் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புக்காரி, எல்லாவற்றிலும் கேள்வி. "பார்வதி தன் உடம்பு மஞ்சளை வழிச்சுத் தானாத்தானே செஞ்சா? அதுல சிவனுக்கு என்ன கோவம்?"

"வாசல்ல நிக்கவச்ச பிள்ளை அவரை உள்ள விடலை."

"அதுக்குத் தலையை வெட்டுவாரா? அவளைக் கேட்டிருக்கலாம்ல?"

அருகம்புல்லைக் கிள்ளிக்கொண்டே சொல்லிவிட்டேன். ஊசி, உறைபெட்டி, நாலாவது முறை, பின்னறை எல்லாம். அவள் விரலில் மஞ்சள் காய்ந்துபோயிருந்தது.

"அப்ப ராமேஸ்வரம் போனது பொய்யா?"

"போனோம். அதுவும் நிஜம்தான்."

"நான் எத்தனை நாள் வெளியில இருந்தேன்?"

"மூணு நாள்."

உள்ளறையில் அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.