கேஷ் வேறு, காசு வேறு

ஆங்கில 'கேஷ்' நம்ம 'காசு'தான் என்று பெருமையாகச் சொல்லாத தமிழர் ரொம்பக் குறைவு. ஆனால் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் சேலை எடுத்ததும் "கேஷ்ல கட்டிட்டு வாங்க" என்கிறார்களே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அங்கே கேஷ் என்றால் பணம் இல்லை, கல்லாப்பெட்டி இருக்கிற மேஜை. கார்டைத் தேய்த்தாலும் சரி, போனில் ஸ்கேன் பண்ணினாலும் சரி, 'கேஷ்ல'தான் கட்ட வேண்டும்!

தெரியாமலே சொல்லின் பழைய பொருளுக்குப் போய்விட்டார்கள் கடைக்காரர்கள். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரான்ஸில் 'கேஸ்', ஸ்பெயினில் 'காஹா', ஜெர்மனியில் 'காஸ்ஸெ' ஆனது. அங்கெல்லாம் இன்றைக்கும் அது பெட்டி, இல்லாவிட்டால் பணம் கட்டுகிற இடம். ரொக்கத்துக்கு வேறு சொல். ஜெர்மன்காரருக்கு 'பார்கெல்ட்', பிரெஞ்சுக்காரருக்கு 'லிகீட்', அதாவது திரவம் (லிக்விடிட்டி படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும்). ஆங்கிலேயர்தான் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருந்த பணத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

பி.காம். முதல் வருஷத்தில், பணம் வந்தால் ஏன் டெபிட் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு இது உதவும். 1494-ல் அச்சான பாச்சோலியின் புத்தகத்தில் 'காஸ்ஸா' ஒரு கணக்கின் பெயர். பெட்டியை ஒரு ஆளாக நினைத்துக்கொண்டால் போதும். பெட்டி வாங்கிக்கொண்டது, அதனால் பெட்டி கடன்பட்டது. அவ்வளவுதான்.

சரி, நம்ம காசு? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே காசுக் கணக்கு இருக்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் இடம் உண்டு, ஆனால் தனிக்குடித்தனம். ஆக்ஸ்போர்டு அகராதியில் 'கேஷ்' இரண்டு தனித்தனிச் சொற்கள்; இரண்டாவதுதான் இது. போர்ச்சுகீசியர் காதில் 'காசு' விழுந்தபோது அவர்களிடம் ஏற்கெனவே 'கைஷா' (அதே பெட்டிதான்) இருந்தது. அந்த எழுத்திலேயே இதையும் எழுதிவிட்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'கேஷ்'. மதராஸில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக வராகனுக்கு 3,360 காசு. 1818-ல் ரூபாய்க் கணக்கு வந்து இதைத் தூக்கிவிட்டது.

பெருமைப்பட ஒன்று வேண்டுமா? சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட நாணயங்கள் இருந்தனவே, அவற்றுக்கும் ஐரோப்பியர் இந்தப் பெயரைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள். நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அதைச் 'சீன கேஷ்' என்றுதான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.