ஏரிக்கரையில் ஒரு யானைச் சவாரி

ஸ்கூட்டரில் காய்கறி சுமந்து பழகியவள் நான். கரடுமுரடான பாதைக்கென்றே 2016-ல் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த ஹிமாலயன் வண்டி தம்பியிடம் இருக்கிறது. “ஓட்டிப் பாரேன் அக்கா” என்றான். எடை ஏறக்குறைய 200 கிலோ! நிரம்பிய காஸ் சிலிண்டர் ஆறுக்கும் மேல். ஞாயிறு விடிகாலை, கவரைப்பேட்டையில் கல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு ஏரிக்கரை மண்பாதையில் இறங்கினோம்.

“உட்காராதே, கால்மிதியில் எழுந்து நில்லு. ஹாண்டில்பாரை இறுக்காதே, தூரத்தைப் பாரு” என்றான். நின்றதும் ஆச்சரியம்! குழியின் குலுக்கல் முழங்காலோடு போயிற்று. இரண்டு பிரசவம் கண்ட இடுப்புக்கு ஏறவேயில்லை.

மணல் வந்ததும் பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான், சாய்ந்துவிட்டது! ஹெல்மெட்டும் பூட்ஸும் இருந்ததால் அடியில்லை. குனிந்து தூக்கப் போனேன். “இடுப்பு போயிடும்” என்று தடுத்தான். எஞ்சினை அணைத்து, வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி, ஸீட்டில் இடுப்பைப் பதித்து, ஒரு கையில் ஹாண்டில்பார், மறு கையில் பின்கம்பி; காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னே நகர்ந்தேன். எழுந்துவிட்டது, சகோதரிகளே! (தண்ணீர்க் குடத்தையும் முதுகை வளைக்காமல் குந்தித்தான் தூக்க வேண்டும்.)

வீட்டில் மாமியார் புழுதியைப் பார்த்தார். “விழுந்தியா?”

“விழுந்தேன் அத்தை. நானே தூக்கிட்டேன்.”

“சரி, காபி ஆறுது” என்றார்.