எல்லோருக்கும் அப்பா

ஷில்லரைப் படிக்கப் போய்த்தான் கார்ல் ஆய்கனிடம் மாட்டிக்கொண்டேன். 18ஆம் நூற்றாண்டில் தெற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட கோமகன். ஒரு நாடகாசிரியரின் கதையில் வரும் வில்லன், அவ்வளவுதானே என்று தாண்டிப் போகப் பார்த்தேன். ஒரு சொல் பிடித்து நிறுத்தியது: அப்பா. அவர் நடத்திய ராணுவப் பள்ளியில் மாணவர்களுக்கு அவர்தான் அப்பா. ஆள்பவர்களை உறவுமுறை சொல்லி அழைக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு அந்த இடம் சுருக்கென்றது.

அவருடைய அப்பா இறந்தது 1737இல். பையனுக்கு ஒன்பது வயது. அப்போதே பட்டம் வந்துவிட்டது. 16 வயதில் ஆட்சியும் கைக்கு வந்தது. 1748இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் அக்கா மகளை மணந்தார். பிறந்த ஒரே பெண் குழந்தை ஒரு வயது தாண்டியதும் போய்விட்டது. 1756இல் பிறந்தகம் போன மனைவி திரும்பவேயில்லை. பிறகு ஓபரா, மாளிகைகள், கடன், காதலிகள். காதலிகளிடம் பிள்ளைகள் ஏராளம். பட்டத்துக்கு வாரிசு மட்டும் இல்லை.

1770இல் அந்தப் பள்ளியைத் தொடங்கினார். ஷில்லர் அங்கே சேர்ந்தபோது வயது 13. அவருக்கு மதகுருவாக ஆசை. அங்கே அந்தப் படிப்பே கிடையாது. ஷில்லரின் சொந்த அப்பா கோமகனிடம் சம்பளம் வாங்கும் ராணுவ அதிகாரி. எப்படி மறுப்பார்? மகனைக் கோமகனின் சேவைக்கே முழுதாக ஒப்புக்கொடுப்பதாக 1774இல் பெற்றோர் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

ஷூபார்ட் கதை இன்னும் மோசம். கோமகனைப் பற்றித் துணிந்து எழுதிய பத்திரிகையாளர். 1777இல் அவரை ஏமாற்றி எல்லைக்குள் வரவழைத்து, விசாரணையே இல்லாமல் பத்து வருடம் ஹோஹெனாஸ்பெர்க் கோட்டையில் அடைத்தார். ஆனால் ஷூபார்ட்டின் மகனைத் தன் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்தார்! அப்பனைச் சிறையில் போட்டுவிட்டு மகனுக்கு அப்பாவாவது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

மறுவருடம் தன் 50ஆவது பிறந்தநாளில், இதுவரை தவறுகள் செய்தேன், இனி நல்லவனாக ஆள்வேன் என்று அறிக்கை விட்டார். நாடெங்கும் தேவாலயங்களில் வாசித்தார்கள். நடிப்பு என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. 1782இல் ஷில்லர் ஓடிப்போனபோதுகூட அவருடைய அப்பாவைக் கோமகன் தண்டிக்கவில்லை. வேலையில் அப்படியே இருக்கவிட்டார். தன்னை நல்ல அப்பா என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும். பயமாக இருப்பது அதுதான்.

ஏனென்றால் அதே மனிதர் 1786இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். சுமார் 2000 பேர் கொண்ட படைப்பிரிவு, காசுக்கு. மறுவருடம் நன்னம்பிக்கை முனைக்குக் கிளம்பியவர்களில் அவருடைய காதலி பெற்ற மகன் ஃப்ரீட்ரிஷ் ஃபிராங்க்மோனும் ஒருவர். வயது 17. கோமகன் வீட்டுப் பெயர் அவருக்குக் கிடையாது. அந்தப் படை பின்னர் இலங்கைக்கும் ஜாவாவுக்கும் பிரித்து அனுப்பப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர். ஃபிராங்க்மோன் திரும்பினார், பிற்காலத்தில் வூர்ட்டம்பெர்க்கின் போர் அமைச்சரும் ஆனார். அவர் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை.

கார்ல் ஆய்கன் இறந்தது 1793 அக்டோபரில். அப்போது ஷில்லர் பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தார். 11 வருடம் கழித்து. ஓடிப்போனவன் வந்திருப்பது தெரிந்தும் கோமகன் கண்டுகொள்ளவில்லை. கைது இல்லை, மன்னிப்பும் இல்லை.

ஷில்லர் கையில் அப்போது குழந்தை. முதல் மகன், பிறந்து நாற்பது நாள்தான். கோமகனின் சாவைக் கேட்ட அன்று அவர் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படி நின்றிருப்பார் என்று யோசிக்கிறேன். அந்தச் சொல் இனி அவருடையது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.