பின்சில்லு சொல்லும் பாடம்

எங்கள் உயர்தர வகுப்புப் பையன்களின் போனில் பாதி இடத்தை அமெரிக்க டிராக் ரேஸ் வீடியோக்கள்தான் பிடித்திருக்கின்றன. பெருநாள் நெருங்க நெருங்க அந்த ஆசை பிரதான வீதிக்கு இறங்கிவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏசுவதைவிட விளங்கப்படுத்துவது நல்லது என்று நினைத்து, உராய்வும் திருப்பமும் படிப்பிக்கும்போது இதையே உதாரணமாக எடுத்தோம். பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கும் எழுதுகிறோம்.

முதலில் ஒரு கேள்வி கேட்டோம். காரை முன்னுக்குத் தள்ளுவது எது? எல்லோரும் என்ஜின் என்றார்கள். உண்மையில் தள்ளுவது ரோட்டு. சில்லு ரோட்டைப் பின்னுக்குத் தள்ள, உராய்வு காரை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்த உராய்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. டயரின் மேல் எவ்வளவு நிறை அழுத்துகிறதோ அந்தளவுக்குத்தான் பிடிப்பு. அதைத் தாண்டினால் சில்லு வழுக்கிச் சுற்றும், காரைத் தள்ளும் விசை குறைந்துவிடும்.

கார் ஆர்முடுகும்போது நிறை பின்னுக்குச் சாயும். 1500 கிலோ கார் ஒன்று, அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில், முன் பின் சில்லுகளுக்கிடையே 2.75 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலின் அளவுக்கு அது பாய்ந்தால், சுமார் 270 கிலோ பாரம் முன்சில்லுகளை விட்டுப் பின்சில்லுகளுக்குப் போகும். கரும்பலகையில் போட்ட கணக்கு இது.

அந்தப் பாரம் டயரில் எப்படி இறங்குகிறது என்பதைத்தான் பின்பக்க சஸ்பென்ஷன் தீர்மானிக்கிறது. பின் அச்சைப் பிடித்திருக்கும் மேல் லிங்க், கீழ் லிங்க் இரண்டையும் பக்கவாட்டில் பார்த்து, முன்னோக்கி நீட்டிக் கோடு கீறினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். அதை இன்ஸ்டன்ட் சென்ரர் என்கிறார்கள். சில்லின் தள்ளுவிசை அந்தப் புள்ளியில் நின்று காரைத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளலாம். புள்ளி தாழ்வாக இருந்தால் காரின் பின்பக்கம் குந்தும். உயரமாகவும் பின்னுக்கும் இருந்தால் உடல் மேலே எழும்பி டயரைத் தரையில் ஓங்கி அழுத்தும். அதுவும் அளவுக்கு மிஞ்சினால், எழும்பி முடிந்த கணத்தில் டயரின் பாரம் குறைந்து பிடி விட்டுப்போகும். அதனால்தான் லிங்க் பூட்டும் தகட்டில் பல துளைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு துளை மாற்றுவார்கள், ஓடிப் பார்ப்பார்கள், எழுதி வைப்பார்கள், பிறகுதான் அடுத்த துளை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. ஆய்வுகூடத்தில் நாங்கள் சொல்லும் அதே பாடம்.

1950களின் இறுதியில் டெட்ரொய்ட்டில் கிறைஸ்லர் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர்கள் சிலர் ராம்சார்ஜர்ஸ் என்ற கழகமாகச் சேர்ந்து, 1949ஆம் ஆண்டுப் பிளிமத் ஒன்றை வேண்டுமென்றே உயரத் தூக்கிக் கட்டினார்கள். உயரம் கூடினால் பின்சில்லுக்குப் போகும் பாரமும் கூடும் என்ற கணக்குத்தான் காரணம். அதை அவர்கள் ஓட்டியது தெருவில் அல்ல, பந்தயப் பாதையில். 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹொட் ரொட் சங்கத்தைத் தொடங்கியதும், வீதியில் நடந்த ஓட்டத்தைப் பாதுகாப்பு விதிகளுள்ள பாதைக்குக் கொண்டுபோகத்தான். எங்கள் பையன்கள் பார்க்கும் வீடியோக்களில் இந்தப் பகுதி வருவதில்லை.

இப்போது நம்மூர் பைக்குகளுக்கு வருவோம். டிராக் பைக்கின் ஸ்விங் ஆர்ம் நீளமாக இருப்பதும் அதே கணக்கினால்தான். நீளம் கூடினால் முன்சில்லு இலகுவில் கிளம்பாது. ஆனால் நீட்டிய பைக் வளைவில் திரும்பத் தயங்கும். பின்பக்கத்தைத் தாழ்த்தினால் குழியில் அடிவாங்கும். நேராக 402 மீற்றர் ஓடுவதற்கென்றே செய்த அமைப்பு அது. அங்கே பாதையில் பசை தெளித்திருக்கும், எதிரே வாகனம் வராது, ஓடி முடித்தபின் நிறுத்துவதற்கு நீண்ட தூரம் இருக்கும், அம்புலன்ஸ் காத்து நிற்கும். நம் வீதியில் மணல், மாடு, குறுக்கே திரும்பும் முச்சக்கர வண்டி, மதரஸா விட்டு வரும் சின்னப் பிள்ளைகள்.

இதை விளங்கிக்கொள்ளும் மூளை நம் பையன்களிடம் தாராளமாக இருக்கிறது. இன்ஸ்டன்ட் சென்ரரைக் கீறச் சொன்னபோது, கணித பாடத்தில் வாயே திறக்காதவர்கள்தான் முந்திக்கொண்டு வந்தார்கள். பெற்றோரிடம் நாங்கள் கேட்பது இதுதான். பைக்கின் மேல் பிள்ளைக்கு உள்ள ஆசையைத் திட்டி அடைக்காதீர்கள். தொழினுட்பப் பாடத்துறைக்கோ, நல்ல கராஜ் ஒன்றுக்கோ அதைத் திருப்பிவிடுங்கள். ஸ்விங் ஆர்மை நீட்டக் காசு கேட்டால், கொடுக்குமுன் “இது எந்தப் பாதைக்கு?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவனுக்கு இப்போது தெரியும்.